நான்கு ஊர் வெண்டை

வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் காய் முற்றும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டுவைத்தால், விதைக்கு ஆயிற்று என்று செடி திருப்தியடைந்து பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதைக் கல்லூரியில் படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது எனக்கு உண்மையில் புரிந்தது, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம், நான்கு வரிசை வெண்டைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஒரு வைகாசி மத்தியானத்தில்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் கோயம்புத்தூரில் விவசாயப் பட்டப்படிப்பை முடித்துவிட்டுத் திரும்பி, மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையெல்லாம் தோண்டி எடுத்து மலையாகக் குவித்திருப்பார்கள். பூமிக்கு வெளியே வந்தே பழகாத மண் அது. அதில் என்ன முளைக்கும், என்ன முளைக்காது என்று பார்ப்பது எங்கள் வேலை. அப்பா மைன்ஸில் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் கூடவே மாறும்.

டவுன்ஷிப்பில் ஒருவரைக் குறிப்பிடப் பெயர் தேவைப்படாது. முதலில் பிளாக், பிறகு வீட்டு நம்பர், அதற்கும் பிறகு சொந்த ஊர். எங்கள் இடதுபக்க வீட்டில் இருந்தவர் அவிநாசி அக்கா. வலதுபக்கம் தூத்துக்குடி அத்தை. நாங்கள் அவர்களுக்குத் திண்டுக்கல்காரர்கள். லீவுக்கு ஊருக்குப் போய்வருகிற ஒவ்வொருவரும் திரும்பும்போது மாத்திரை பாட்டிலிலோ கைக்குட்டை முடிச்சிலோ விதை கொண்டுவருவார்கள். எல்லா வீட்டுக்கும் பின்புறம் இடம் இருந்தது, குழாயில் தண்ணீர் கொட்டியது. ஆகவே ஒரே தெருவில் நான்கைந்து ஜில்லாவின் கத்தரியும் அவரையும் காய்த்தன. எது உசத்தி என்ற பேச்சும் மதில்சுவருக்கு மேலே நடந்துகொண்டே இருந்தது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் காய்க்காரக்கா காலை ஆறரைக்கு எங்கள் பின்வாசலில் இருப்பார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கணவர் தறி நெய்பவர்; இருபது சென்ட் நிலம் இவர் பேரில், இவர் உழைப்பில். அந்தத் தை மாதம் கூடையை இறக்கி வைத்தபோது அதில் வெண்டைக்காய் இல்லை.

"என்னுங்க, வெண்டக்கா கொண்டாரலீங்களா?" என்றார் அவிநாசி அக்கா.

"எங்கருந்துங்க கொண்டார்றது? கடையில வெத வாங்கிப் போட்டேன், எலயெல்லாம் மஞ்சளா பூடுச்சி. நரம்பு நரம்பா. காயும் வெளுத்துப் பூடுச்சி. மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிகினே இருக்குது."

"எங்கூரு வெதையப் போடுங்க. எட்டுப் பட்டை. ஒரு காயி சாண் நீளம் வருமுங்க."

"எட்டுப் பட்டையில என்ன இருக்கு? வெட்டுனா பூரா கொட்டை," என்று மதில்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தூத்துக்குடி அத்தை தலையை நீட்டினார். "எங்க ஊரு அஞ்சு பட்டையப் போடச் சொல்லுங்க. கரும்பச்சையா, வெரல் கணக்கா இருக்கும்."

அம்மா சும்மா இருப்பாளா? "திண்டுக்கல் வெதையில கொழகொழப்பே இருக்காது" என்றாள்.

"கொழகொழப்பு வதக்குறவ கையில இருக்கு மதினி, வெதையிலயா இருக்கு?" என்றார் அத்தை.

காய்க்காரக்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. எனக்கு இருக்கறது இருபது சென்ட்டு. அதுல உங்க எல்லா ஊரையும் குடி வெச்சிட்டு நான் எங்க போறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ இதுக்குன்னே படிச்சிருக்கியாமே. நீ சொல்லு. ஆடிக்கு எத போடறது? நீ சொல்றத போடறேன்."

"சும்மா சொல்ல முடியாதுக்கா. நட்டுப் பாத்துத்தான் சொல்லணும்."

"நட்டுப் பாரு. ஆனா ஒழுங்காப் பாரு. இன்னொரு தபா போச்சின்னா நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டு மைன்ஸுக்கு காண்ட்ராக்ட்ல மண்ணு சொமக்கத்தான் வரணும். எனக்கு அது ஆவாது தங்கச்சி. ஒருத்தன் பின்னாலயே நின்னுகினு வெரட்டுவான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் சரி என்னும்வரை கூடையைத் தூக்கவில்லை.

அன்று மாலையே புது நோட்டு வாங்கினேன். எனக்கு எதையும் பட்டியலாக்கினால்தான் மனம் அடங்கும். முதல் பக்கத்தில் இடங்கள்: எங்கள் வீட்டுப் பின்புறம்; ஆய்வுக்கூடத்தின் அனுமதியோடு மண்மலை அடிவாரத்தில் ஒரு துண்டு; காய்க்காரக்காவின் நிலத்தில் வரப்போரம் ஒரு துண்டு. இரண்டாம் பக்கத்தில் விதைகள்: அவிநாசி, தூத்துக்குடி, திண்டுக்கல், குறிஞ்சிப்பாடி. கடைசியாகச் சொன்னது காய்க்காரக்காவின் சொந்த விதை. அவர் அதைச் சாம்பல் கலந்து ஒரு சட்டியில் வைத்திருந்தார். குட்டையான செடி, சிவந்த தண்டு, காய்மேல் சுனை. கையில் பட்டால் அரிக்கும். பார்க்க லட்சணமில்லாத காய்தான், ஆனால் நோட்டில் லட்சணத்துக்குப் பத்தி கிடையாது. ஒவ்வோர் இடத்திலும் விதைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு இருபது செடி. மூன்றாம் பக்கத்தில் உயரம், நான்கில் எடை, ஐந்தில் நோய். ஆறாம் பக்கத்தின் தலைப்பு 'இதர குறிப்புகள்'. என் வாத்தியார்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

மாசியில் விதைத்தோம். பங்குனிக் கடைசியில் காய் வந்தது.

காய்க்காரக்காவுக்கு எழுத்து தெரியாது. அதனால் நிலத்துக் காய்களை நான்கு பையில் போட்டு, வீட்டுத் தறியில் மிஞ்சிய நூலால் கட்டிக் கொண்டுவருவார். அவிநாசிக்கு நீலம், தூத்துக்குடிக்குச் சிவப்பு, திண்டுக்கல்லுக்குப் பச்சை, அவருடையதற்குச் சாயம் போடாத வெள்ளை. மண்மலைக் காய்களை நான் முந்தின நாள் மாலை சைக்கிள் கேரியரில் கொண்டுவந்திருப்பேன். எல்லாம் காய்க்காரக்காவின் தராசில்தான் நிறுக்கப்படும். முதல் ஷிஃப்ட் ஆட்கள் போய்ச் சற்று ஓய்ந்த அந்த அரைமணி நேரத்தில் எங்கள் பின்வாசலில் கூட்டம் கூடிவிடும். எதிர் வரிசை வீடுகளிலிருந்துகூட வந்து நிற்பார்கள்.

"இன்னிக்கு எங்கூரு எவ்வளவுங்க கண்ணு?"

"எழுநூறு கிராம், அக்கா."

"தூத்துக்குடி?"

"அறுநூற்றம்பது."

"தராசு தாழுதா பாரு, காய்க்காரம்மா. உன் கை அந்தப் பக்கம் சாயுது," என்பார் அத்தை.

"என் கை சாஞ்சா என் வெதைக்குத்தான சாயணும்? அது பாருங்க, அனாதயாட்டம் கெடக்குது."

நிறுத்த காய்களை மூன்று வீட்டுக்கும் பங்கிடுவோம். அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வெண்டைக்காய் சாம்பார், வெண்டைக்காய் பொரியல், வெண்டைக்காய் மோர்க்குழம்பு, வெண்டைக்காய் பச்சடி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஜில்லா?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே என் முதல் தவறைச் சொல்லியாக வேண்டும். மண்மலைத் துண்டில் நானே பறித்தேன். நிலத்தில் காய்க்காரக்கா பறித்தார். வீட்டுப் பின்புறத்தில் மட்டும், "நீ குளிச்சிக் கெளம்பு கண்ணு, நாங்க பறிச்சு வெக்கறோம்" என்ற பேச்சுக்கு இணங்கிவிட்டேன். அவரவர் ஊர் வரிசையை அவரவர் பறித்தார்கள். நான்காவது வரிசையை, முதலில் முடித்தவர் பறிப்பதாக ஏற்பாடு.

சித்திரை முடியும்போது காய்க்காரக்கா கேட்டார். "தங்கச்சி, இப்ப சொல்லிடணும். எந்த வரிசைய வெதைக்கு வுடறதுன்னு தெரியணும் இல்ல? காயி காஞ்சி வெடிக்க ஒரு மாசம் ஆவும்."

நியாயமான கேள்வி. அன்றிரவே எடைப் பக்கத்தைக் கூட்டினேன். வீட்டுப் பின்புறத்தில் அவிநாசி பத்து கிலோவைத் தாண்டியிருந்தது. தூத்துக்குடியும் திண்டுக்கல்லும் அதற்குச் சற்றுக் கீழே. குறிஞ்சிப்பாடி மூன்று கிலோகூட இல்லை. நிலத்தில் அவிநாசி நாலரை, குறிஞ்சிப்பாடி நான்கு, மற்ற இரண்டும் அதற்குக் குறைவு. மண்மலையில் எல்லாமே சோகை. குறிஞ்சிப்பாடி மட்டும் ஒரு கிலோவைத் தொட்டது. மூன்று இடத்தையும் கூட்டினேன். அவிநாசி தெளிவாக முதலிடம். குறிஞ்சிப்பாடி கடைசி, அதுவும் தூரத்தில்.

மறுநாள் காலை சொன்னேன். அவிநாசி அக்கா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார். அத்தை "கூட்டல் சரியாப் போட்டியாளா?" என்று கேட்டார். காய்க்காரக்கா வெள்ளை நூல் கட்டிய பையை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்கூட்டது ஆவாது. சரி, வுடு" என்றார்.

வைகாசியில் என் பதிவேட்டை முடிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேறு மண் மாதிரிகள் சோதனைக்குப் போனபோது, ஒழுங்குக்காக எங்கள் வீட்டுப் பின்புற மண்ணையும் வரிசைக்கு ஒரு கைப்பிடி எடுத்துச் சேர்த்தேன். மூன்றடி இடைவெளியில் இருக்கும் வரிசைகள். ஒரே மண் என்றுதான் வரும், ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்ற எண்ணம். முடிவு வந்தது. முதல் மூன்று வரிசை நல்ல உரமிட்ட தோட்ட மண். நான்காவது, குவார்ட்டர்ஸ் கட்டியபோது கிடந்த அதே செம்மண், ஒரு சத்தும் ஏறாதது.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியான வெயிலில் தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிசைகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆறாம் பக்கம், இதர குறிப்புகள், என் கையெழுத்திலேயே இருந்தது.

'வரிசை 1: எறும்பு அதிகம், காரணம் தெரியவில்லை. வரிசை 2: மீன் செதில், பூனை நடமாட்டம். வரிசை 3: மேல்மண் கறுத்திருக்கிறது. வரிசை 4: குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.'

முதல் வரிசையின் மண்ணைக் கிளறினேன். ஊறிய கடலைப் புண்ணாக்கு. இரண்டாவதில் மீன் கழுவிய தண்ணீரின் வாடை இன்னும் இருந்தது. தூத்துக்குடிப் பூனை இரண்டு காலில் நடப்பது. மூன்றாவதில் காபிச் சக்கை. அது எங்கள் வீட்டுக் காபி.

நான்காவது வரிசையின் இலைகளை விலக்கினேன். மேலே நாலைந்து பிஞ்சு. கீழே, கண்ணுக்குப் படாத மறைவில், தண்டை ஒட்டி, பழுப்பேறிக் காய்ந்த காய்கள். சில விளிம்பில் வெடித்தேயிருந்தன. சுனை அரிக்கிறதென்று மேலோடு கிள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். சித்திரை முதலே இந்தச் செடிகள் விதைக்கு ஆயிற்று என்று பூப்பதை நிறுத்திக்கொண்டிருந்தன. நான் அதை 'விளைச்சல் குறைவு' என்று எழுதியிருந்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன். வடலூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அங்கே நின்றபோதுதான் எடைப் பக்கத்தையும் நோய்ப் பக்கத்தையும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காய்க்காரக்காவின் நிலத்தில் அவிநாசிச் செடிகள் ஆரம்பத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு, சித்திரை பாதியில் இருபதில் பதினான்கு மஞ்சள் நரம்பு நோய் கண்டிருந்தன. குறிஞ்சிப்பாடியில் மூன்றே மூன்று. இரண்டும் நானே எழுதியவை. தனித்தனித் தலைப்பில் அழகாக எழுதி, தனித்தனியாகவே விட்டிருந்தேன். அதைவிடப் பெரிய தவறு, மூன்று இடத்தையும் கூட்டி ஒரு தொகையாக்கியது. காய்க்காரக்கா விதைக்கப்போவது எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அல்லவே.

நிலத்துக்குப் போனபோது அவர் வாய்க்கால் சரிசெய்துகொண்டிருந்தார். வரப்போரத்தில் ஒரே ஒரு வரிசைதான் நின்றது. அவிநாசி. எலும்பும் தோலுமாக, மஞ்சளாக.

"மத்த வரிசை எங்கக்கா?"

"நேத்துதான் புடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். ஆவாதுன்னு சொன்னியே."

"சட்டியில வெச்சிருந்த வெதை?"

"கோழிக்குப் போட்டாச்சி. எதுக்குக் கேக்கற?"

சொன்னேன். புண்ணாக்கு, மீன் தண்ணீர், காபிச் சக்கை, என் கூட்டல். ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்.

"அப்ப எங்கூட்டுது நல்ல வெதயா?"

"உங்க நெலத்துக்கு அதுதான் நல்லது. பெருசாக் காய்க்காது. ஆனா நோய்க்குத் தாங்குது."

"கோழியக் கேட்டா திருப்பிக் குடுக்குமா?" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. "நான் மண்ணு சொமக்கப் போறப்ப உங்க வூட்டுப் பக்கமாத்தான் லாரி போவும். ஒரு சொம்பு தண்ணி வெய்யி."

எனக்கு அழுகை வரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குப் பட்டியல்தான் வரும். குறிஞ்சிப்பாடி விதை எங்கெல்லாம் போயிற்று என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். சட்டி: கோழி தின்றாயிற்று. நிலம்: ஆடு தின்றாயிற்று. மண்மலை: ஒரு காய் விடாமல் ஒழுங்காகப் பறித்திருக்கிறேன், என் ஒழுங்கே அங்கே கெடுத்தது. வீட்டுப் பின்புறம்...

"அக்கா, நாளைக்கு வரும்போது ஒரு பெரிய பை கொண்டுவாங்க."

அன்று மாலை மூவரையும் பின்வாசலுக்குக் கூப்பிட்டேன். அப்பா செகண்ட் ஷிஃப்ட் போயிருந்தார். நோட்டின் ஆறாம் பக்கத்தை வாசித்தேன். பூனை நடமாட்டம் வந்ததும் அம்மா சிரித்துவிட்டாள். காபிச் சக்கை வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"மீன் கழுவுன தண்ணிய எங்க ஊத்தச் சொல்லுத? ரோட்டுலயா ஊத்த?" என்றார் அத்தை. "அது பாட்டுக்கு அங்க போச்சு."

"ரெண்டு மாசமா அந்த ஒரே வரிசைக்கா போச்சு, அத்தை?"

"எங்க வீட்டுல வாரத்துல நாலு நாள் மீனுளா."

"நான் புண்ணாக்கு போட்டது நெசந்தான் கண்ணு," என்றார் அவிநாசி அக்கா. "எங்கூரு வெதை தோத்துப்போச்சுன்னு எங்கம்மாளுக்கு எப்புடிக் கண்ணு லெட்டரு எழுதறது?"

"ஒருத்தர் செய்யறது இன்னொருத்தருக்குத் தெரியவே இல்லையா?"

தெரியவில்லை. கேட்டுக் கேட்டு அதையும் குறித்துக்கொண்டேன். மூன்று வீட்டிலும் மூன்று ஷிஃப்ட். அவிநாசி அக்கா தனித்திருந்தது காலை. அத்தை தனித்திருந்தது மத்தியானம், மற்ற இரு வீடும் தூங்கும்போது. அம்மாவுடையது சாயங்காலக் காபிக்குப் பிறகு. சைரன் ஊதி ஆட்கள் மாறுவதுபோல் இவர்களும் முறை மாறி வந்து போயிருக்கிறார்கள். வாரம் மாறினால் முறையும் மாறியிருக்கிறது. ஒரு நாள்கூட ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"சரி, நாலாவது வரிசைக்கு ஏன் யாரும் ஒண்ணும் போடலை?"

"அது நம்ம யாரு ஊரு வெதையும்..." என்று ஆரம்பித்த அத்தை, பாதியில் நிறுத்தினார்.

காய்க்காரக்காவின் தராசைத்தான் இரண்டு மாதமாக இங்கே எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாதான் முதலில் எழுந்தாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "கையில தடவிக்கங்க. சுனை அரிக்கும்," என்றாள். மூன்று பேரும் நான்காவது வரிசையில் இறங்கினார்கள். இலையை விலக்கி விலக்கி, காய்ந்த காய்களை முறத்தில் சேர்த்தார்கள். அவிநாசி அக்கா ஒவ்வொரு காயையும் காதருகே ஆட்டிப் பார்த்தார். அத்தை மறுநாளும் வந்து, பாதி காய்ந்திருந்தவற்றுக்கு நாரால் அடையாளம் கட்டிவிட்டுப் போனார். அடுத்த பதினைந்து நாள் அந்த வரிசைக்குக் கிடைத்த கவனிப்பைப் பார்த்து, "இனிமே யாரும் ஒண்ணும் ஊத்தக் கூடாது, தண்ணிகூட" என்று நான் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

உரித்துக் காயவைத்தபோது அரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. இருபது சென்ட்டுக்குக் குழிக்கு இரண்டு விதை போடும் வழக்கம், அதற்குப் போதாது. குழிக்கு ஒன்று போட்டால் வரும். அதற்கு விதை சொத்தையில்லாமல் இருக்க வேண்டும். மூன்று பேரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதையாகப் பார்த்தார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற கண்கள் அவை. காய்க்காரக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவிநாசி வெதை ஒரு வரிசைக்குச் சேத்து வெச்சிருக்கேன், அதையும் வரப்போரமாப் போடறேன்," என்றார். "பாவம், அந்தம்மா ஊருக்கு லெட்டரு எழுதணும் இல்ல."

"எழுதீட்டனுங்க," என்றார் அவிநாசி அக்கா. "நீங்க ஒண்ணும் எனக்காகப் போட வேண்டாமுங்க."

"போடறேன் வுடுங்க."

ஆடியில் விதைத்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். இந்த முறை நோட்டில் ஒரே பக்கம். எடை, நோய், யார் பறித்தது, யார் என்ன போட்டது, எல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. ஆவணியில் மஞ்சள் நரம்பு வந்தது. வராமல் இருக்கும் என்று நான் சொல்லியிருக்கவில்லை. கண்ட செடியை அன்றன்றே பிடுங்கச் சொல்லியிருந்தேன், பிடுங்கினார். வரப்போரத்து அவிநாசி வரிசை ஏறக்குறைய முழுதும் போயிற்று. நடுவில் நின்றவை நின்றன. ஒன்றும் கொழுத்து நிற்கவில்லை. ஆனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் தவறாமல் கொடுத்தன.

புரட்டாசியில் ஒரு காலை, கூடை எங்கள் பின்வாசலில் இறங்கியது. மேலே மூடியிருந்த ஈரத் துணியை எடுத்ததும், பாதிக்கூடைக்கு வெண்டைக்காய். குட்டையாக, சுனையோடு, லட்சணமில்லாமல். மூன்று வீட்டிலும் அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்கினார்கள். பங்கு இல்லை, இந்த முறை விலைக்கு.

"குத்தகைக்குக் கேட்டுகினு ஒருத்தர் வந்தாரு," என்றார் காய்க்காரக்கா, தராசைத் துடைத்துக்கொண்டே. "போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார், குடித்தார்.

பிறகு கூடையின் அடியிலிருந்து தனியாக முடிந்த ஒரு சின்னப் பையை எடுத்தார். அதில் ஆறேழு காய். சாண் நீளம், எண்ணிப் பார்த்தால் எட்டுப் பட்டை. ஆனால் காம்பு சிவப்பு, மேலெல்லாம் சுனை.

"என் வெதையிலருந்து இது எப்படி வந்துது? நீ சொல்லு."

எனக்குத் தெரியும். நான்கு வரிசையையும் மூன்றடி இடைவெளியில் நட்டு, அதிலிருந்தே விதை எடுத்தால் தேனீ சும்மா இருக்காது. இதுவும் பாடத்தில் இருந்ததுதான். சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"இது எங்கூரு காயாக்கும்," என்று அவிநாசி அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"சுனையப் பாத்தியா அதுல? ஒங்க ஊருல சுனை ஏது?" என்றார் அத்தை. "இங்க கொண்டா. இந்த நுனி எங்க ஊரு நுனி."

"மொதல்ல வதக்கிப் பாப்போம்," என்று அம்மா மிச்சத்தை வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"இருங்க, இருங்க, நான் இன்னும் நிறுக்கலை," என்றேன். காய்க்காரக்கா தராசைத் தூக்கிப் பிடித்தார். நான் நோட்டைப் பிரித்தேன். பழைய எடைப் பக்கத்தில் நான்கு ஊருக்கும் நான்கு பத்திகள் இருந்தன. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தேன். அதில் ஸ்கேல் வைத்து ஐந்தாவது பத்திக்குக் கோடு போட்டேன்.